மீனெண்ணெய் பூசிய மாடிப்படி

நம்ம குரூப்புல போன வாரம் அந்தப் போட்டோ வந்ததும் எல்லாரும் கட்டைவிரலத் தூக்கினீங்க. பூங்கொத்து போட்டீங்க, கை தட்டினீங்க, ஒருத்தி அழுவற பொம்மைகூட போட்டா. நான் ஒருத்திதான் ஒண்ணும் போடல. "என்னாடி, உனக்கு நெட் இல்லையா?"ன்னு லீடர் எனக்குத் தனியா அனுப்பிக் கேட்டா. ஏழாங் கிளாஸ்ல லீடரா இருந்தவ, அறுபது தாண்டியும் அந்த அதட்டல் மட்டும் போவல பாருங்க. நெட் இருக்குடி. எனக்கு வாய்தான் இல்லாம இருந்துச்சி.

போட்டோல இருக்கறது நம்ம பள்ளிக்கூடத்து மர மாடிப்படி. அதுக்குக் கீழ லீடர் எழுதியிருந்தா: "அந்தக் குடிகாரன் பால்கனிய இடிச்சது போக மிச்சம் இருக்கற பழைய மரம் இது ஒண்ணுதான். நாம எல்லாம் சேர்ந்து நல்ல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டா அடிச்சிக் குடுத்துடுவோம். கண்ணாடி மாதிரி மின்னும். ஞாயித்துக்கெழமை ஆளு வர்றான்."

இதுல ரெண்டு தப்பு இருக்கு. அந்தப் படிக்கு அந்த பெயிண்ட்ட அடிக்கக் கூடாது. பால்கனிய இடிச்ச மனுஷன் குடிகாரனும் இல்ல. மூணாவதா ஒரு தப்பும் இருக்கு, அது லீடர் செஞ்சது இல்ல, நான் செஞ்சது. மத்தியானத்துலேருந்து ஒத்த வெரலால தட்டிக்கிட்டிருக்கேன். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. வேற எந்த குரூப்புக்கும் தள்ளி விட்டுடாதீங்க.

உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், கடலூர் ஓ.டி.ல, அதான் பழைய டவுன்ல, நம்ம பள்ளிக்கூடம் எந்தக் காலத்துலயோ எவனோ வெள்ளைக்காரன் கட்டின பங்களா. முன்னாடி மாடியில நீளமா மர பால்கனி. கடல் காத்து நேரா வந்து அதுலதான் மோதும். எங்கப்பா அங்க ஹெட் கிளார்க். கட்டடத்து சாவிக்கொத்து, ரிப்பேரு, சுண்ணாம்பு, பெயிண்ட்டு எல்லாம் அவரு பொறுப்பு.

வருஷா வருஷம் கோடை லீவுல எங்க மாமா, அம்மாவோட அண்ணன், படகுல மீன் புடிக்கப் போறவரு, ஊர்லேருந்து ஒரு தகர டின்ன சைக்கிள்ல கட்டிக்கிட்டு வருவாரு. படகுக்குப் பூசற மீனெண்ணெய். அதக் காய்ச்சி, காவிப்பொடி கலந்து, பால்கனி, தூணு, படிக்கட்டுன்னு மரம் இருக்கற எடம் பூராவும் துணியால தேய்ப்பாரு. பூசறதுன்னு சொல்ல முடியாது, ஊட்டறதுன்னுதான் சொல்லணும். ஒரு கை தேய்ச்சிட்டு நிப்பாரு, மரம் குடிச்சி முடிச்சதும் அடுத்த கை. அவரு நகக்கண்ணுல எப்பவும் காவி இருக்கும். செவப்பும் இல்லாம பழுப்பும் இல்லாம ஒரு நெறம், பளபளப்பே இருக்காது.

நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். பள்ளிக்கூடம் தொறந்து பத்து நாளைக்கிப் போவாது. எனக்கு நீங்க வெச்ச பேரு ஞாபகம் இருக்கா? "மீனெண்ணெ மாத்திரை." யாரு வெச்சான்னு சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். நான் கிட்ட வந்தா மூக்கப் பொத்திக்குவீங்க. சிரிச்சிக்கிட்டேதான் செஞ்சீங்க, தெரியும். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கொல்லையில நின்னு சோப்பு கரையற வரைக்கும் தேய்ச்சிக்குவேன்.

நாலாங் கிளாஸ் முடிஞ்ச லீவுல அப்பாகிட்ட அழுதேன். "அந்த எண்ணெ வேணாம்பா. மாமா பள்ளிக்கூடத்துக்கு வரவே வேணாம்பா." அப்பா என் தலையத் தடவினாரு. அவரும் அதே கடலோரத்து ஆளுதான். அவங்கப்பா கட்டுமரத்துல போனவரு. அவங்க வம்சத்துலேயே மொதல்ல சட்டையத் தேய்ச்சிப் போட்டுக்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காந்தது எங்கப்பாதான். ஆபீஸ் போறப்ப கழுத்துக்குப் பவுடர் போட்டுக்குவாரு. யாராவது கிட்ட வந்து பேசினா தன்னையறியாம ஒரு எட்டு பின்னால போவாரு. ஏன்னு அப்ப எனக்குத் தெரியாது, இப்பத் தெரியுது.

அந்த வருஷம் மாமா டின்னோட வந்து பள்ளிக்கூடத்து கேட்டுல நின்னாரு. அப்பா உள்ள விடல.

"மச்சான், இனிமே பெயிண்ட்டுதான். எனாமல். பச்சக் கலரு சொல்லியாச்சி."

"பச்ச அடிங்க, மஞ்ச அடிங்க மாப்ள, அது உங்க இஷ்டம். ஆனா அந்த பெயிண்ட்டு வேணாம். அது மரத்து மேல ரப்பர் ஷீட்டு மாதிரி ஒக்காந்துக்கும். எண்ணென்னா மரத்துக்குள்ள போயிடும், மழத்தண்ணி கொஞ்சம் எறங்கினாலும் வெயில்ல தன்னால வெளிய வந்துடும். இதுல சந்துல எறங்கற தண்ணி எந்த வழியா வெளிய வரும், சொல்லுங்க?"

"வர்றவங்கல்லாம் மூக்கப் பொத்தறாங்க மச்சான்."

"பத்து நாளு பொத்தட்டுமே."

அப்பா கொரலத் தாழ்த்திக்கிட்டாரு. "இது ஆபீஸு. படகு இல்ல."

மாமா என்னைப் பாத்தாரு. நான் அப்பா வேட்டிக்குப் பின்னாடி போயிட்டேன். டின்ன மறுபடியும் சைக்கிள்ல கட்டிக்கிட்டு அவரு திரும்பிப் போனாரு. எனக்கு அன்னிக்கி இருந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

பச்ச பெயிண்ட்டு வந்துச்சி. பழச எல்லாம் சுரண்டிட்டு ரெண்டு கோட்டு. என்னா மினுமினுப்பு! பெரிய டீச்சரு, அதான் நம்ம ஹெச்.எம்., பால்கனியில நின்னு கைய வெச்சிப் பாத்து, "இப்பத்தான்யா இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்பா அத வீட்டுல நாலு தரம் சொன்னாரு. அடுத்த மழைக்கி அங்கங்க கொப்பளம் கெளம்புச்சி. அப்பா அதச் சுரண்டி மேலேயே இன்னொரு கோட்டு அடிக்க வெச்சாரு. அதுக்கடுத்த மழைக்கும் அப்படியேதான்.

நான் சொல்ல வந்தது மூணாவது மழை. நாம ஏழாங் கிளாஸ்.

சாயங்காலம் நாலு மணிக்கு நீங்கல்லாம் வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்பா வேலை முடியறதுக்கு ஆறாவும். அது வரைக்கும் நான் மட்டும் பால்கனியில ஒக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மழை நாள்ல வழுக்குதுன்னு உங்க யாரையும் அங்க விட மாட்டாங்க. ஐப்பசி மாசம், விட்டு விட்டு பேஞ்சிக்கிட்டிருந்துச்சி. கதவு கிட்ட, செவுத்துக்குள்ள சொருகற பெரிய உத்தரத்தோட முனையில ஒரு கொப்பளம், உள்ளங்கை அகலம். அத அமுக்கினா மெத்துன்னு உள்ள போயி மறுபடி எழும்பும். எனக்கு அது வெளையாட்டு. ஒரு நாள் ஜியாமெட்ரி பாக்ஸ்லேருந்து காம்பஸ எடுத்து அதுல குத்தினேன்.

தண்ணி வந்துச்சிடி. கருப்பா, சொட்டு சொட்டா. அழுவின கொட்டாங்கச்சி நாத்தம்.

இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். காம்பஸ் முள்ளு நிக்கல, போயிக்கிட்டே இருந்துச்சி. முள்ளு முடிஞ்சி காம்பஸோட காலும் பாதி உள்ள போயிடுச்சி. வேற எடத்துல குத்தினேன், அங்கயும் போச்சி. அந்தப் பக்கத்து உத்தரத்துலயும் போச்சி. மேல பாத்தா பச்ச பெயிண்ட்டு புதுசு மாதிரி சிரிக்குது. உள்ள மரமே இல்ல.

பதினொரு வயசுல அது என்னான்னு புரியாத அளவுக்கு நான் மக்கு இல்ல. அப்பவே எறங்கிப் போயி அப்பாகிட்ட சொல்லியிருக்கணும். ஆபீஸ் வாசப்படி வரைக்கும் போனேன். அவரு கண்ணாடிய மூக்குல எறக்கி விட்டுக்கிட்டு, தேய்ச்ச சட்டையில, ஃபைல்ல ஏதோ எழுதிக்கிட்டிருந்தாரு. சொன்னா என்னா ஆவும்னு மனசுல ஓட்டிப் பாத்தேன். பெயிண்ட்ட சுரண்டுவாங்க, மரத்த மாத்துவாங்க, மாமா வருவாரு, டின்னு வரும், மறுபடியும் மாத்திரை. சொல்லாம திரும்பி வந்துட்டேன். காரணம் அவ்ளோதான்டி, வேற பெருசா ஒண்ணும் இல்ல.

கார்த்திகை கடைசியில பெரிய டீச்சரு பிரேயர்ல அறிவிச்சாங்க. மார்கழியில ஆண்டு விழா, கல்வி ஆபீஸரு வர்றாரு. அவரு கார்லேருந்து எறங்கறப்ப ஏழாங் கிளாஸ் முப்பது பேரும் பால்கனியில வரிசையா நின்னு பூ தூவி வரவேற்புப் பாட்டு பாடணும். பயிற்சி கீழ ஹால்ல, மேல ஏறி நிக்கறது அன்னிக்கி மட்டும். நீங்கல்லாம் ஓன்னு கத்தினீங்க.

அந்த முப்பதுல பாதிப் பேரு இந்த குரூப்புல இருக்கீங்க.

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சி. பாட்டு பயிற்சியில ஒவ்வொருத்தியா எண்ணுவேன். இவ குண்டு, இவள நடுவுல நிறுத்துவாங்க. இவ வீட்டுல இவ ஒரே பொண்ணு. இப்படியே ஓடும் புத்தி. பால்கனியில கதண்டு கூடு கட்டியிருக்குன்னு நான் ஒரு பொரளியக் கெளப்பி விட்டது ஞாபகம் இருக்கா? கொட்டினா உசுரு போயிடும்னு ரெண்டு பேரு அழுதீங்க. பெரிய டீச்சரு ஆயாவ விட்டு ஒட்டடைக்கோலால தட்டிப் பாத்துட்டு, "எங்கடி கதண்டு?"ன்னு கேட்டு, பிரேயர் முடியற வரைக்கும் என்னை முட்டி போட வெச்சாங்க. நீங்க சிரிச்சீங்க. எனக்கு முட்டி வலிய விட அந்த பச்சக் கலருதான் வலிச்சிச்சி, நிமிந்தா அதுதானே தெரியுது.

விழா வெள்ளிக்கெழமை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி புதன்கெழமை சிதம்பரத்துல தேரு. ஆருத்ராவுக்கு மொத நாள் தேருக்குப் போறது எங்க வீட்டுல விட்டுப் போகாத வழக்கம். அம்மன் நம்ம வீட்டுப் பொண்ணுன்னு எங்க ஆளுங்க தேர நிறுத்திச் சீர் வெப்பாங்க. அம்மா தட்டத் தூக்கிக்கிட்டு என்னையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிச்சி. மாமாவும் அங்கதான் இருப்பாருன்னு எனக்குத் தெரியும். நம்ம பள்ளிக்கூடத்துல வேலை போனதுக்கப்புறம் மாமா மழை ஓஞ்சதும் சிதம்பரத்துல ஒரு பழைய சத்திரத்து மரவேலைக்கெல்லாம் எண்ணெ பூசப் போயிக்கிட்டிருந்தாரு.

கூட்டம்னா கூட்டம், காலு தரையில படல. அம்மா சீர்த்தட்ட வெச்சிட்டு கும்புட்டுக்கிட்டிருந்தப்ப நான் மாமா கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனேன். சத்திரத்து வாசல்ல கொண்டு போயி நிறுத்தினாரு. அங்கயும் அதே நாத்தம். அன்னிக்கி அந்த நாத்தத்துல எனக்கு அழுகை வந்துடுச்சி.

"என்னாம்மா? பசிக்குதா?"

"மாமா, காம்பஸ் உள்ள போவுது."

"எதுல?"

"பால்கனி உத்தரத்துல."

அவரு குந்தி என் ஒயரத்துக்கு வந்தாரு. "எவ்ளோ தூரம் போவுது?"

வெரல்ல காட்டினேன். அவரு மொகம் மாறிப் போச்சி. "உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

அவரு கைய பாத்தேன். காவி ஏறின நகம், எண்ணெ ஊறின வெரலு. நான் பாக்கறத அவரு பாத்துட்டாரு. ரெண்டு கையையும் மெதுவா எடுத்து முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. ஐயோ, அந்த ஒரு நிமிஷம் இன்னிக்கும் என்னைத் தின்னுதுடி.

வெள்ளிக்கெழமை முப்பது பேரு ஏறப் போறாங்கன்னு சொன்னேன். "நான் சொன்னேன்னு சொல்லிடாத மாமா"ன்னும் சொன்னேன்.

"சொல்ல மாட்டேன்"னாரு. "எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன். நீ அழுவாத."

மாமா மறுநாள் நடக்கற தரிசனத்துக்குக்கூட நிக்கல. எங்களோட அதே பஸ்ல கடலூர் வந்துட்டாரு. அன்னிக்கி சாயங்காலமே எங்க வீட்டுல அப்பாவும் அவரும் நின்னுக்கிட்டே பேசினாங்க. நான் சமையக்கட்டு கதவுக்குப் பின்னாடி நின்னேன்.

"புள்ளைங்கள கீழ நிறுத்துங்க மாப்ள. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"யாரு சொன்னா உங்களுக்கு, ஒடஞ்சிடும்னு?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்."

"மூணு வருஷமா பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதவருக்கு எப்படித் தெரியும்? வேலை போன கோவம் உங்களுக்கு. ஆபீஸரு வர்ற நேரம் பாத்து என் மானத்த வாங்கப் பாக்கறீங்க."

"மாப்ள, நீங்களே போயி ஒரு ஆணிய எடுத்துக் குத்திப் பாருங்க. அவ்ளோதான்."

"புது பெயிண்ட்டுல ஆணி குத்தச் சொல்றீங்களா?"

அம்மா குறுக்க வந்து, "எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு"ன்னுச்சி. அப்பா செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அப்பா போயி ஆணியால குத்திப் பாப்பாரு, பாப்பாருன்னு நான் ரெண்டு ராத்திரியும் விடிய விடிய வேண்டிக்கிட்டேன். பாக்கல. பாத்து உள்ள போயிட்டா என்னா பண்றதுன்னு அவருக்கும் பயம் இருந்திருக்கும்னு இப்பத் தோணுது.

வெள்ளிக்கெழமை எல்லாருக்கும் வெள்ளப் பாவாடை, செவப்பு ரிப்பன், கையில பூத்தட்டு. இந்த மாடிப்படியிலதான் வரிசையா நின்னோம். மொதல்ல லீடர், மூணாவது நான். ஆபீஸரு பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டாருன்னு யாரோ வந்து சொன்னாங்க. பெரிய டீச்சரு மேல பால்கனி கதவத் தொறந்து விட்டுட்டு, "சத்தம் போடாம ஏறுங்க"ன்னாங்க.

அப்பத்தான் கீழேருந்து மாமா வந்தாரு. நம்ம வரிசையத் தாண்டி, செவுத்த ஒட்டி ஒட்டி ஏறினாரு. லீடர் மூக்கப் பொத்திக்கிட்டா. மேல போயி கதவுக்குக் குறுக்க நின்னுக்கிட்டாரு.

"அம்மா, கொழந்தைங்கள ஏத்தாதீங்க. மரம் அழுவிப் போயிருக்கு."

"யாருய்யா நீ? யாரு உள்ள விட்டது?"

அப்பா ஓடியாந்தாரு. மூச்சு வாங்குது அவருக்கு. "மேடம், என் சம்சாரத்து அண்ணன். ஒரு கோவத்துல பேசறாரு. மச்சான், எறங்குங்க. கால்ல வேணும்னா விழறேன், எறங்குங்க."

பெரிய டீச்சரு என்னைப் பாத்தாங்க. "இவ மாமாவா நீ? கதண்டுன்னு பொரளி கெளப்பினதும் இவதான். ஏன்யா, இந்தப் பொண்ணு உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல."

"நீ சொல்லுடி. உங்க மாமாகிட்ட பால்கனியப் பத்தி நீ ஏதாவது சொன்னியா?"

வரிசையில எல்லாரும் என்னைப் பாக்கறீங்க. அப்பா நெத்தியில பவுடர் வேர்வையில வழியுது. மாமா என்னைப் பாக்கவே இல்ல, அவரு தரையப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. ஆமான்னு ஒரு வார்த்த.

"இல்ல டீச்சர்"னு சொன்னேன்.

மாமா அப்பத்தான் நிமிந்தாரு. கோவமே இல்ல அந்த மொகத்துல. தோள்ல இருந்த துண்ட எடுத்து மடிச்சி வாசப்படியில வெச்சாரு. யாரும் பின்னால வராம இருக்கறதுக்காக பால்கனிக்குள்ள போயி கதவ வெளிப்பக்கம் சாத்திக்கிட்டாரு. கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியா நான் பாத்தேன். நடுவுல போயி நின்னாரு. கீழ குனிஞ்சி, "யாரும் அடியில நிக்காதீங்க, தள்ளிப் போங்க"ன்னு கத்தினாரு. அப்புறம் காலத் தூக்கி ஓங்கி மிதிச்சாரு.

மொத மிதிக்கி பூத்தோரணம் மட்டும் ஆடுச்சி. ரெண்டாவது மிதிக்கி செவுத்துக்குள்ள ஏதோ நறுக்குன்னுச்சி. மூணாவது மிதிக்கி பால்கனி பூராவும், அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும், ஒரே மூச்சா கீழ போச்சி. அவரும் போனாரு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நீங்க அழுதுக்கிட்டு பின்வாசல் வழியா ஓடினீங்க. தெரியாதது ஒண்ணு இருக்கு. நான் கீழ ஓடினப்ப அப்பா மாமா தலைய மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. பக்கத்துல உத்தரத்து முனை கெடந்துச்சி. மேல பச்சத் தோலு மடங்கித் தொங்குது, உள்ள கருப்பா நார் நாரா. அப்பா அதுல கைய விட்டு ஒரு பிடி எடுத்தாரு. பிழிஞ்சாரு. வெரலு சந்துல தண்ணி வழிஞ்சிச்சி. அப்புறம் சுத்தும் முத்தும் பாத்துட்டு அத தேய்ச்ச சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

ஆயாதான் மொதல்ல சொன்னது, "குடிச்சிட்டு வந்திருக்கான், கப்புன்னு அடிக்குது பாரு"ன்னு. மீனெண்ணெ நாத்தம் அது. பெரிய டீச்சருக்கு கார் வர்றதுக்குள்ள ஒரு காரணம் வேணும். குடிபோதையில் ஒருவன் புகுந்து சேதப்படுத்திவிட்டான்னு ஆபீஸருகிட்ட சொன்னாங்க. அப்பா பக்கத்துல கைய கட்டிக்கிட்டு நின்னாரு. பேசல. நானும் பேசல. மறுநாளைக்குள்ள ஓ.டி. பூரா அந்தப் பேச்சுதான். வாழ்க்கையில ஒரு சொட்டு தொடாத மனுஷன்.

மாமாவுக்கு இடுப்பெலும்பு போச்சி. அதுக்கப்புறம் படகு ஏறல. கரையில ஒக்காந்து வலை பின்னிக்கிட்டே காலத்த ஓட்டினாரு. நான் எப்பப் போனாலும் ஒரே கேள்விதான் கேப்பாரு: "அந்தப் பாட்டுப் பொண்ணுங்கல்லாம் நல்லா இருக்கா?" நான் ஒவ்வொருத்தியப் பத்தியும் சொல்லுவேன். யாரு டீச்சராச்சி, யாரு சேத்தியாத்தோப்புல வாக்கப்பட்டுச்சி, யாரு வேலைக்கிப் போவுது, யாருக்கு என்னா கொழந்தை. லீடரு, உனக்கு ரெட்டைப் புள்ள பொறந்தத நான் அவருகிட்டதான் மொதல்ல சொன்னேன். "ரெண்டா!"ன்னு வாய் கொள்ளாம சிரிச்சாரு. நீங்க எல்லாரும் அவருக்கு அவ்ளோ பழக்கம். உங்களுக்குத்தான் அவரு பேருகூடத் தெரியாது. நான் சொன்ன பொய்யப் பத்தி பேச ரெண்டு மூணு தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும் அவரு பேச்ச மாத்திட்டாரு. குடுத்த வாக்க எங்கிட்டகூட காப்பாத்தினாரு, பைத்தியக்கார மனுஷன்.

பால்கனிய எடுத்துட்டு அந்தக் கதவ செங்கல் வெச்சி அடைச்சாங்க. படிக்கட்டு மட்டும் நின்னுச்சி. அதுக்கடுத்த கோடை லீவுலேருந்து ரிட்டயர் ஆவற வரைக்கும் அப்பா ஞாயித்துக்கெழமையில பழைய சட்டையப் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாரு. பெரிய டீச்சரு தண்டனையா ஏதோ வேலை குடுத்திருக்காங்கன்னு நான் நெனச்சிக்கிட்டேன். வந்ததும் கொல்லையில நிப்பாரு, அம்மா ஒண்ணும் கேக்காம வெந்நி வெளாவிக் குடுக்கும். எவ்ளோ தேய்ச்சாலும் அவரு மேல அந்த வாசனை போவாது. நகக்கண்ணுல செவப்பு இருக்கும். திங்கக்கெழமை அந்த நகத்தோடதான் ஆபீஸ் போவாரு. பவுடர் போடறத எப்ப விட்டாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

போட்டோ வந்த மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பேத்தி பாக்ஸ்லேருந்து காம்பஸ எடுத்துக்கிட்டுப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான். ஒவ்வொரு படியாக் குனிஞ்சி, சந்துல, முனையில, செவுத்த ஒட்டின எடத்துல குத்திக்கிட்டே ஏறினேன். எங்கயும் முள்ளு போவல. பச்சையோட சுவடு ஒரு பொட்டுகூட இல்ல, அப்பா அம்புட்டையும் சுரண்டியிருக்காரு. கீழ்ப்படியில மூக்க வெச்சி மோந்தேன். இத்தன வருஷத்துக்கப்புறம் வாசனை இருக்குமான்னு கேக்காதீங்க. எனக்கு வந்துச்சி. படியில ஒக்காந்து அழுதுட்டு வந்தேன்.

அதனால ஞாயித்துக்கெழமை அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு லீடரு. எண்ணெயும் காவியும் நான் வாங்கிக்கிட்டு வர்றேன். மீனெண்ணெ கெடைக்கலன்னா கடையில ஆளிவிதை எண்ணெ இருக்கு, நாத்தம் கொறைச்சல், வேலை அதேதான். ஆனா நான் மொதல்ல மீனெண்ணெதான் தேடுவேன். பழைய பொடவையக் கட்டிக்கிட்டு வாங்க. துணியால தேய்க்கணும், மரம் குடிக்கற வரைக்கும் நிக்கணும். நகத்துல ஒட்டிக்கும், போவாது.

பெரிய டீச்சரு போயிட்டாங்க. அப்பாவும் இல்ல, மாமாவும் இல்ல. அன்னிக்கி அந்தப் படியில வரிசையா நின்னவங்கள்ல மிச்சம் இருக்கறது நீங்கதான். கேள்வி அன்னிக்கிக் கேட்டதுதான், பதில இன்னிக்கி உங்க முன்னாடி மாத்திக்கிறேன்.

ஆமா டீச்சர். நான்தான் சொன்னேன்.